ஆல்டர்கோம் ஊர் ஞானாபரணம்

ரங்கூனின் பபேடான் பகுதியில் ஒரு தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைக் காத்துவந்த ஞானாபரணத்துக்கு, கண்ணால் காணாத ஆல்டர்கோம் என்ற இங்கிலாந்துக் கிராமம் அத்துப்படி. தங்கள் ஊரிலிருந்து ரங்கூன் வந்து செத்தவர்களைப் பற்றி அந்தக் கிராமத்தார் கடிதம் போட்டுக் கேட்பார்கள். இவர் பதிவேட்டைப் புரட்டிப் பதில் எழுதுவார். கொல்லன் மகன் காய்ச்சலில் போனதும், பாதிரியார் மருமகன் குடித்துவிட்டு ஆற்றில் விழுந்ததும் அரை அரைப் பக்கத்துக்கு அதில் இருந்தன.

பர்மா அரசின் குடியுரிமை அட்டைக்கு இவருடைய மூதாதையர் இங்கே வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். பாட்டனார் இறந்த தேதியில் அதே பதிவேடு, 'மதராஸ் கூலி ஒருவன்' என்பதோடு பேனாவை மூடிவிட்டிருந்தது.

2006இல் கிராமத்தார் தங்கள் ஊர்ச் சரித்திரத்தை அச்சடித்து அனுப்பினார்கள். 'உங்கள் பெயரும் உள்ளே இருக்கிறது' என்றது கடிதம். அச்சில் வந்தால் அதுவும் அத்தாட்சிதானே என்று ஞானாபரணம் புத்தகத்தோடு குடியுரிமை அலுவலகத்துக்கு ஓடினார்.

அதிகாரி நிதானமாகப் புரட்டினார்.

"ஊலே, பெரியவரே, உங்க பேரு இருக்கு. 'எங்கள் ஊர் மக்கள்'ங்கிற பட்டியல்ல."

"அது நன்றிக்காகப் போட்டிருக்காங்க, ஸயா."

"அச்சுல இருக்கே," என்ற அதிகாரி விண்ணப்பத்தின் தலையில் எழுதினார்: வெளிநாட்டவர். அத்தாட்சி இணைக்கப்பட்டுள்ளது.