எட்டு வினாடி

ஹில்கா இருபத்தாறு வருடம் பள்ளிச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். தட்டில் கேரட்டை ஒதுக்கிய பிள்ளை அவள் கண்ணில் பட்டால் தொலைந்தான். இன்று எங்கள் ஊரில் மீசை வைத்திருக்கும் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் கை தானாக முதுகுக்குப் பின்னால் போகும். அவளுக்கு அடங்காதது ஊரில் ஒன்றே ஒன்று: அவள் புருஷன் கலேர்வோவின் உடம்பு.

ராத்திரி வானத்தில் பச்சையாக ஆடும் துருவ ஒளியைப் பார்க்க வெளியூரிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து வாயைப் பிளக்கிறார்கள். நாங்கள் குப்பை கொட்டப் போகும்போது நிமிர்ந்து பார்ப்பதோடு சரி. ஹில்காவும் அப்படித்தான், வருடத்தில் ஒரு ராத்திரி தவிர. செப்டம்பர் கடைசியில், உருளைக்கிழங்கு தோண்டி முடிந்து குளம் உறைவதற்குள், நல்ல வெளிச்சமுள்ள ஒரு ராத்திரி இருவரும் குளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வானத்தில் ஒரு பச்சை, தண்ணீரில் ஒரு பச்சை, நடுவில் இவர்கள். அதுதான் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை.

இருட்டில் எடுக்கிற படம் ஆயிற்றே, எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் கேமரா எட்டு வினாடியாவது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதுவரை அசையக் கூடாது. கலேர்வோவுக்கு நடுக்குவாதம் வந்த பிறகு அந்த எட்டு வினாடி எட்டாக்கனி ஆகிவிட்டது. மாத்திரை போட்டால் நடப்பான், ஆனால் தோளும் தலையும் தன் பாட்டுக்கு ஆடும். மாத்திரையின் வேகம் தீர்ந்தால் ஆட்டம் நின்றுவிடும், கூடவே அவனும் நின்றுவிடுவான். கட்டை. ஒரு அடி நகர முடியாது, குரலும் எழும்பாது.

மூன்று வருட அட்டைகளில் ஹில்கா மட்டும் தெளிவாக நின்றாள். பக்கத்தில் ஒரு சாம்பல் நிறத் தீற்றல். ஹெல்சிங்கியிலிருந்து அவள் நாத்தனார் போன் போட்டு, "உன் பக்கத்துல என்னடி, சவ்னாக் குளியல் புகையா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஹில்கா போனை வைத்துவிட்டு அழுதாள்.

இந்த வருடம் நகரத்துப் பராமரிப்பு இல்லத்தில் கட்டில் காலியாகிவிட்டது. அக்டோபர் பாதியில் கலேர்வோவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குள் அவன் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம். ஹில்கா கேட்டது அவ்வளவுதான். வானம் இரண்டு வாரம் மூடியே கிடந்தது. அவள் ஜன்னலில் நின்று மேகத்தைத் திட்டினாள். மேகம் என்ன, பள்ளிக்கூடப் பிள்ளையா?

திறந்த அன்றைக்கு அப்படித் திறந்தது. எட்டு மணிக்கு மாத்திரையைக் கொடுத்து, கோட்டை மாட்டி, அவன் கையைப் பிடித்துக் குளத்துக்குக் கூட்டிப்போனாள். ஸ்டாண்டில் கேமராவை வைப்பதும், பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் அவன் பக்கத்தில் நிற்பதுமாக இரண்டரை மணி நேரம் போனது. பதினாலு படம். பதினாலிலும் தீற்றல்.

"கொஞ்சம் அடக்கிக்கோயேன், கலேர்வோ."

"அடக்கிட்டுத்தான் இருக்கேன், கிழவி. இது என் பேச்சைக் கேக்குதா?"

"உன்னைப் பிடிச்சு தூண்ல கட்டப் போறேன் பாரு."

"கட்டு. தூணும் சேந்து ஆடும்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பதினொரு மணி ஆனது இருவருக்கும் தெரியவில்லை. அடுத்த மாத்திரை சமையல் மேஜையிலேயே இருந்தது.

ஹில்கா கேமராவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் குரல் வந்தது. கிசுகிசுப்பாக.

"ஹில்கா. நின்னுபோச்சு."

நிமிர்ந்தாள். பாலத்தின் நுனியில் கலேர்வோ லேசாக முன்னால் சாய்ந்தபடி நின்றான். தோள் ஆடவில்லை. தலை ஆடவில்லை. முகத்தில் பச்சை வெளிச்சம் அப்படியே தங்கியிருந்தது. மூன்று வருடமாக அவள் கேட்டது கண்ணெதிரே நின்றது.

ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். அப்படி நின்றால் அடுத்தது விழுவதுதான் என்று எத்தனையோ தடவை பார்த்தவள். ஆனால் அவள் கால் நகரவில்லை, விரல்தான் நகர்ந்தது. பொத்தானை அழுத்தினாள். வழக்கம்போல வாய்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று எட்டு வரை. எட்டு முடிந்த பிறகுதான் ஓடினாள்.

கோட்டின் முதுகைப் பற்றி இழுத்ததில் இருவரும் ஈரப் பலகையில் உட்கார்ந்தார்கள். அவனைத் தூக்க அவளால் முடியவில்லை. பக்கத்து வீட்டு பென்தியைப் போனில் கூப்பிட்டாள். வேட்டையில் சுட்ட கடமானைக் காட்டிலிருந்து இழுத்து வரும் நாலு சக்கர மோட்டார் வண்டியோடு அவன் வந்தான்.

"நாலு நாளா காட்டுல அலைஞ்சேன், ஒண்ணும் சிக்கல. இங்க பாத்தா குளத்துலயே ரெண்டு கெடக்குது," என்றான் பென்தி.

யாரும் சிரிக்காததால் அவன் குனிந்து கலேர்வோவைத் தூக்கினான்.

படம் பிரமாதம். கோட்டுப் பொத்தான் வரை எண்ணலாம். தண்ணீரில் தலைகீழாக இன்னொரு கலேர்வோ. ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும் ஹில்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாத ஒன்று அவளுக்கு மட்டும் தெரிந்தது: அவன் கேமராவைப் பார்க்கவில்லை, அதன் பின்னால் நின்ற அவளைப் பார்த்தான்.

இல்லத்தில் கட்டிலுக்கு மேலே அந்தப் படத்தைத்தான் மாட்ட வேண்டும் என்று கலேர்வோ பிடிவாதம் பிடித்தான். ஆணி அடித்து மாட்டினாள். மாத்திரை கொண்டுவந்த நர்ஸ், "எவ்வளவு அழகா அசையாம நின்னிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு மூடியதும் அவன் சொன்னான்: "நீ எண்ணினது கேட்டுச்சு."

ஹில்கா சுத்தியலைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"மூணு எண்ணுறதுக்குள்ள நீ கேமராவை விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு நெனச்சேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பதில் இருந்திருக்கும். படத்தின் பக்கம் கையை நீட்டினாள்.

"கழட்டிடவா?"

"வேண்டாம். இப்ப இருக்கிற என் மூஞ்சி வேற எந்தப் படத்துல இருக்கு?"