உறுமல் அடங்காத சிவப்பு வண்டி

ரப்பர்க் குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை எஞ்சின் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் ஒஸ்மோ. அந்த நேரம் பார்த்து யாராவது வாயைத் திறந்தால் போச்சு, ஒரு விரல் உயரும். "சும்மா இரு. அது பேசிட்டு இருக்கு." வடக்கே பனி கொட்டும் குஹ்மோ ஊரில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போதுகூட இத்தனை அமைதி இருக்காது.

ஆள் நெட்டை. அறுபதைத் தொட்டாயிற்று. மற்ற மெக்கானிக்குகள் பேனா செருகும் பையில் இவர் காபிக் கரண்டி வைத்திருப்பார். புது வண்டிகளைத் தொடமாட்டார். "அதுக்கு வியாதி வந்தா அதுவே திரையில எழுதிக் காட்டிடுது. நடுவுல நான் எதுக்கு?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கிழட்டு வண்டி வந்தால் முகம் மலர்ந்துவிடும். முதலில் காபி, அப்புறம்தான் பானட்டைத் திறப்பது. காபி வேண்டாம் என்கிற ஆளை அவர் நம்புவதே இல்லை.

வண்டிகளோடு ஓயாமல் பேசுவார். "என்னடா கண்ணு, எங்க வலிக்குது?" என்பார். மனிதர்கள் என்றால் வாயில் கொழுக்கட்டைதான். ஹில்க்கா வந்துவிட்டால் இரண்டு கொழுக்கட்டை. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஹில்க்கா. கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. குளிர்காலம் தவறாமல் அவருடைய சிவப்பு வண்டிக்கு ஏதாவது ஒரு நோய் வரும். வந்தால் ஏலக்காய் ரொட்டியும் கூடவே வரும். அந்தப் பெண்மணி மேல் ஒஸ்மோவுக்குக் கொள்ளை ஆசை. ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்கிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

போன மார்ச்சில் ஒரு காலை, அந்தச் சிவப்பு வண்டி ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறிக்கொண்டு வந்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே பனி கிடந்த முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அணைத்துவிட்டு இறங்கினார் ஹில்க்கா. பின் இருக்கை நிறையப் பெட்டிகள்.

"ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுத்தாலும் அடங்க மாட்டேங்குது ஒஸ்மோ. தானா கத்துது. இன்னிக்கே சரியாகணும், துர்க்குவுக்குக் கிளம்பிட்டேன். வீட்டை வித்தாச்சு. இனிமே மக வீட்டோடதான்."

துர்க்கு இருப்பது நாட்டின் அந்தக் கோடியில். ஒஸ்மோ ஒரு கோப்பையைக் கையில் எடுத்தார். "காபி?" என்றார். வேறு என்ன கேட்பார், பாவம்!

அடுப்போரம் உட்கார்ந்திருந்த பாவோவுக்கு வாய் நமைச்சல் எடுத்தது. மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், லாரியில் இருப்பதைவிட இந்தப் பட்டறையில் இருப்பதுதான் அதிகம். "நீ போயிட்டா இவன் யாரு வண்டியப் பாத்துப் பெருமூச்சு விடுவான் ஹில்க்கா?"

"நீ உன் வேலையப் பாருடா" என்றபடி ஒஸ்மோ ஸ்பானரைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

பானட்டைத் தூக்கியதும் குட்டு வெளிப்பட்டது. கடுங்குளிர் இரவுகளில் அங்கே எல்லோரும் எஞ்சினுக்குப் பழைய கம்பளி போர்த்துவார்கள். காலையில் அதை எடுத்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். ஹில்க்கா போர்த்தியபடியே ஓட்டி வந்திருந்தார்.

"பொறந்ததுலேருந்து இந்தக் குளிர்ல கிடக்குறவ, கம்பளிய எடுக்க மறந்துட்டியாக்கும்!" என்று சிரித்தான் பாவோ. ஹில்க்காவின் கன்னம் சிவந்துவிட்டது. காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒஸ்மோவின் காதில் இது எதுவும் விழவில்லை. எஞ்சின் பேசினால்தான் அவருக்குக் கேட்கும்.

கம்பளியை எடுத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. ஆக்சிலரேட்டர் கேபிள் இழுக்கிற சின்னச் சக்கரத்தில் கம்பளியின் நூல் சுற்றி இறுகி, எஞ்சினுக்குக் காற்று விடும் கதவை மூடவிடாமல் பிடித்திருந்தது. காற்று போய்க்கொண்டே இருந்தால் எஞ்சின் கத்தாமல் என்ன செய்யும்? கத்தரிக்கோலால் ஒரு வெட்டு, அவ்வளவுதான் வேலை. வெட்டினால் ஹில்க்கா போய்விடுவார்.

அந்த நூலை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கினார் மனிதர். எஞ்சினைக் கிளப்பி அலறவிட்டார். குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கினார். "எங்கயாவது வெடிப்பு இருந்து காத்து திருட்டுத்தனமா நுழையுதான்னு பாக்கணும்" என்றார். கேபிளை ஆட்டினார். காதில் குழாயை வைத்துக் கண்ணை மூடினார். மறுபடி முதல் குழாய்க்கே வந்தார்.

"அதை அப்பவே பாத்துட்டீங்களே" என்றார் ஹில்க்கா.

"ரெண்டு தடவை பாக்கறது நல்லது."

"பெரிய கோளாறா?"

பாகம் வரவழைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்ற பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு வாரம்! ஏழு நாளும் காபி குடிக்கலாம். ஆனால் வண்டி விஷயத்தில் ஒஸ்மோ வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. வாய் வரவில்லை.

"நூல்தான்" என்று சொல்லிவிட்டு எஞ்சினை அணைத்து, நூலை வெட்டி எடுத்தார். "இப்ப வண்டிய எடுத்துப் பாருங்க."

ஹில்க்கா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். அலறிய வண்டி, பால் குடித்த குழந்தை மாதிரி அடங்கி ஓடியது. ஒஸ்மோ ஜன்னலருகே குனிந்தார். எத்தனையோ குளிர்காலமாகச் சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டைவரை வந்தது.

"வழியில ஏதாவது சத்தம் கேட்டா போன் பண்ணுங்க" என்றார்.

"சத்தமே கேக்கலைன்னா?"

ஹில்க்கா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். கியர் போடவில்லை. ஒஸ்மோ கிரீஸ் படிந்த கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் ஜன்னல் வழியே உள்ளே நீட்டி, ஹில்க்காவின் கையைத் தாண்டி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.