வரப்பில் கழற்றிய செருப்பு

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நன்னிலத்துப் பக்கம் கூலிக்கு நாற்றுப் பறித்த கை இது. இன்று எனக்குச் சொந்தமாக நெல் மில் ஓடுகிறது, அறுவடை மெஷின் இரண்டு நிற்கிறது. இதையெல்லாம் யார் உண்டாக்கினார்கள் என்று கேட்டால் நான்தான் என்று எந்தச் சபையிலும் நிமிர்ந்து சொல்வேன். கூடச் சேற்றில் நின்றவள் என் மனைவி ஒருத்திதான். அவள் விஷயத்தில் நடந்ததையும் நானேதான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் வயலில் செருப்புக் காலோடு இறங்க மாட்டோம். சோறு போடுகிற மண். வரப்பிலேயே கழற்றி விடுவோம். எங்கள் இருவருக்கும் கழற்றி வைக்கக்கூடச் செருப்பில்லாத வருஷங்கள் உண்டு. வாய்க்கால் ஓரம்தான் ஊரே வெளிக்கு ஒதுங்கும். அந்தத் தண்ணீர் பாய்ந்த சேற்றில்தான் அவள் நடவு நட்டாள். விரலிடுக்கு அரித்துப் புண்ணாகும். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவிக்கொண்டு மறுநாள் இறங்குவாள்.

மில் வைத்ததும் அவளை நான் சேற்றில் இறங்க விடவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அவள் பாதம் வயலில் படவே இல்லை. இடையிடையே தொடையில் ஒரு சிவப்புக் கோடு எழும்பும். காலையில் இருந்த இடத்தில் மத்தியானம் இருக்காது, நாலு விரல் தள்ளிப் போயிருக்கும். பூரான் ஊர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

மில் தூசியில் அவளுக்கு இரைப்பு வந்தது. டாக்டர் ஐந்து நாளைக்குச் சின்ன வெள்ளை மாத்திரை எழுதி, மறுபடி வந்து காட்டச் சொன்னார். இரண்டே நாளில் இரைப்பு நின்றது, முட்டிவலியும் போயிற்று. அப்புறம் டாக்டர் எதற்கு? காலி அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

"சீட்டு எங்கண்ணே?" என்றான் கடைக்காரன்.

"நானே வந்து நிக்கிறேன், பத்தாதா?"

மாதக்கணக்கில் கொடுத்தான். அவள் முகம் உருண்டு பளபளத்தது. போகிற இடமெல்லாம் அந்த மாத்திரையின் மகிமையைப் பேசினேன். அவள் மட்டும், "கண்ணாடியில வேற யாரோ நிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள்.

"நல்லா இருந்தா ஒனக்குப் பொறுக்காதே."

ஐப்பசி மழையில் வயிற்று வலி ஆரம்பித்தது. சாப்பாடு தங்கவில்லை. இரைப்பும் திரும்பியது. மாத்திரையை இரண்டாக்கினேன். இரைப்பு கூடியது. மூன்றாக்கினேன். தொப்புளைச் சுற்றி யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தது போலக் கருஞ்சிவப்புத் தடங்கள் விழுந்தன. காய்ச்சல் ஏறிய அன்று, "மில்லை நிறுத்தச் சொல்லுங்க, தலைக்குள்ள ஓடுது" என்றாள். மழைக்காக மில்லை நிறுத்தி மூன்று நாளாகியிருந்தது.

மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அவளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா அவள் சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். நூல் துணுக்கு மாதிரி ஒன்று கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெளிந்தது.

"அம்மா வயல்ல வெறுங்காலோட வேலை பாத்திருக்காங்களா ஐயா?"

"அவளாட்டம் நடவு நட அந்த வட்டாரத்துலயே ஆளு கெடையாதுங்க."

"அப்ப பாதத்து வழியா நுழைஞ்ச புழு இது. குடல்லயே பெருகிக்கிட்டு எத்தனை வருஷமானாலும் இருக்கும். ஒடம்புல எதிர்ப்பு இருக்கிற வரைக்கும் அடங்கிக் கெடக்கும். அந்த எதிர்ப்பைத்தான் இந்த மாத்திரை அமுக்கிடுச்சு. இப்ப நுரையீரல் பூரா ஏறிடுச்சு. யாரு இத்தனை மாசம் குடுக்கச் சொன்னது?"

"நான்தாங்க."

ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். எனக்கும் மலம் எடுத்துச் சோதித்தார்கள். அதே புழு என் வயிற்றிலும் இருந்தது. அதற்கான மருந்தை நான் விழுங்கினேன், தீர்ந்தது. ஊரில் அவள் காய்ச்சலில் போனாள் என்றுதான் பேச்சு. நானும் திருத்தவில்லை.

இந்தக் குறுவை நடவுக்குப் பெண்களுக்கெல்லாம் ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். சிரித்தார்கள். வரிசையாக வரப்பில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார்கள். என் மனைவியோடு பல வருஷம் சேர்ந்து நட்டவள் ஒருத்தி மட்டும் பின்தங்கி நின்றாள்.

"நீங்க ஒரு வெள்ளை மாத்திரை சொல்லுவீங்களே, அதைத்தாங்க எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கிறேன். ஒங்க பேரைச் சொன்னதும் கடையில சீட்டுக்கூடக் கேக்கல. இரைப்பு நின்னு மொகம் பளபளன்னு ஆயிடுச்சு. இப்பத்தான் நாலு நாளா வயித்து வலிங்கிறாரு."

"எத்தனை நாளா குடுக்கிற?"

"தையிலேருந்து."

அவள் கையிலிருந்த நாற்றுக்கட்டை வாங்கி வரப்பில் போட்டேன். சேற்றுக் காலோடு அவளைக் காரில் ஏற்றி, அவள் வீட்டுக்கு ஓட்டினேன். போகிற வழியில், என் மனைவி எதனால் போனாள் என்பதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.