லோவைக் குறைத்த கை

அம்மாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வது என் வழியாகத்தான். கரிக்கலாம்பாக்கத்து மனையைப் பாகம் பிரித்ததிலிருந்து அப்படி. ஒரே வாசலில் எதிரெதிரே நின்றுகொண்டு, "உங்க சித்தப்பாவ சாப்ட சொல்லுடி" என்பாள் அம்மா. "பசிக்கலன்னு சொல்லு" என்பார் அவர். இரண்டையும் அவர்களே கேட்டாயிற்று, நடுவில் நான் எதற்கு? பெரியவர்களுக்கு வெட்கமே கிடையாது என்று ஏழாம் வகுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு மைக் செட் தொழில். சித்தப்பா பேஸ் கிட்டார் வாசிப்பார். கிருமாம்பாக்கத்துப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அவர் வாசிக்கும் பாட்டுக் கச்சேரி, செட் எங்களுடையது. அப்பா வேறொரு கல்யாணத்துக்கு செட் கட்டப் போய்விட்டதால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் அம்மா உட்கார்ந்தாள். அவளுக்கு அது புதிதல்ல. ஆனால் அன்றைக்குப் பார்த்துக் கடலூரிலிருந்து ஒரு பெரிய குழுவின் தலைவர், சித்தப்பா வாசிப்பதைக் கேட்கவென்றே வந்திருந்தார். பிடித்துப்போனால் தன் குழுவில் சேர்த்துக்கொள்வார். இல்லாவிட்டால் சித்தப்பாவுக்குப் பழையபடி சிமென்ட் கடை வேலைதான்.

கச்சேரிக்கு முன்னால் சித்தப்பா வந்து, மிக்சரின் கடைசி வரிசையில் தன் ஒயரைத் தானே சொருகி, அடியிலிருந்த, கனத்த ஒலியைக் கூட்டும் லோ குமிழைக் கடைசிவரை ஏற்றிவிட்டார். "இதுல கைய வெக்க வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். நெஞ்சில் வந்து இடித்தால்தான் அது பேஸ் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம்.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் பக்கத்துக் கடையின் தகரக் கூரையே அதிர்ந்தது. பையன்கள் விசிலடித்தார்கள். எனக்கும் குஷிதான். ஆனால் டிரம் எது, பேஸ் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே கும்மென்று கிடந்தது. முன்வரிசையில் கடலூர்க்காரர் முகத்தைச் சுளித்தார். காலடியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஐயோ, மனுஷன் கிளம்பப் போகிறார்.

அப்போதுதான் அம்மாவின் கை கடைசி வரிசைக்குப் போனது. லோ குமிழை இறக்கினாள். இன்னும் இறக்கினாள். நெஞ்சில் இடித்தது அடங்கிப்போயிற்று.

"அம்மா, இன்னா பண்ற? கொறைக்காதம்மா" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"கம்முனு இரு. கேக்க வுடு" என்று தட்டிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, மேலே இருந்த குமிழைத் துளி ஏற்றினாள்.

மேடையிலிருந்து சித்தப்பா பார்த்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று. மனைக்காக ஒரு மனுஷனின் பிழைப்பிலேயா மண்ணைப் போடுவாள் என்று எனக்கு அம்மாமேல் அப்படியொரு ஆத்திரம். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. விரல் தந்தியைச் சுண்டுவதுகூடக் கேட்டது. கோபம் வந்தால் இவர் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்று அசந்துபோனேன்! இன்று நானே மிக்சரில் உட்காருகிறேன். லோ அளவுக்கு மீறினால் இரைச்சல்தான் மிஞ்சும், அதைக் குறைத்தால்தான் வாசிப்பவன் வெளியே தெரிவான். அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? கடலூர்க்காரர் பையைத் திரும்பக் கீழே வைத்ததை மட்டும் பார்த்தேன்.

கச்சேரி முடிந்ததும் அவர் சித்தப்பாவின் தோளைத் தட்டி, மறுவாரமே வந்து சேரச் சொல்லிவிட்டார். சித்தப்பா நேரே எங்களிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. குரலில் மட்டும் முறுக்கு குறையவில்லை.

"உங்கம்மா கொறச்சும் நான் ஜெயிச்சிட்டேன்னு சொல்லுடி."

சொன்னேன். அவரைவிடச் சத்தமாகவே சொன்னேன். அம்மா ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவுரு நல்லா வாசிச்சாருன்னு சொல்லு" என்றாள்.

தோற்றுப்போனவள் வேறென்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.