காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர்

உத்திரமேரூரில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் இளவரசிக்கு, வீட்டில் விதை வேர்க்கடலை வைத்திருந்த அறையின் பூஞ்சை நாற்றம் குமட்டியது. மழைக்கால ஈரத்தை இழுக்க, பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரோடு ஒரு ஃபேனைச் சேர்த்து இயந்திரம் ஒன்று செய்து, இரவு முழுக்க ஓடவிட்டாள். காலையில் அடியிலிருந்த வாளியில் பழுப்புத் தண்ணீர் நிறைந்து, செத்த கொசுக்கள் மிதந்தன.

கணவன் கலைச்செல்வன் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவந்தான். "காத்துலேர்ந்து தண்ணி எடுத்துக்கினு கீறோம், பாருங்க!" என்று ஒரு டம்ளர் மொண்டான்.

"ஐய, குடிக்காதய்யா! அத்தினியும் பூஞ்சை, அழுக்கு!" என்று கத்தினாள் இளவரசி.

"மழத்தண்ணி மாரி சுத்தம்" என்றபடி மடமடவென்று குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் அவன் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிட்டான். அறை காய்ந்து, விதை பிழைத்தது. ஆனால் அவனுக்குக் கஞ்சி கொடுக்கும்போதும் இளவரசி, அந்த மீசையைப் பார்க்கச் சகிக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கிண்ணத்தை நீட்டினாள்.