தாஜுன்னிசா அக்கா கொட்டச் சொன்ன சிறுவாணி

தாஜுன்னிசா அக்கா சிரித்தால் தண்ணீர் அறையில் மோட்டார் ஓடுவதுகூடக் கேட்காது. கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் டயாலிசிஸ் மையத்தில் தண்ணீர் அவர் பொறுப்பு. தரைக்கடித் தொட்டியான சம்பில் நிரப்பிய உப்புப் போர்வெல் தண்ணீரை மணல் தொட்டி, கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர், கரித் தொட்டி என்று வரிசையாக அனுப்பி, ஆர்.ஓ. இயந்திரத்துக்கு ஏற்றதாக ஆக்குவார். முன்பு திருப்பூர்ச் சாயப்பட்டறையில் இதே வேலை.

"அங்க பனியன்ல சாயம் ஒட்டோணும். இங்க ரத்தத்துல ஒண்ணும் ஒட்டக் கூடாது. அவ்ளோதான் அம்மணி" என்பார்.

அவர் தலையாட்டிய பிறகுதான் நான் நோயாளிக்கு ஊசி போடுவேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். நோயாளிகள் இருக்கும் இடத்தில் இவ்வளவு சிரிக்கலாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை; பாடத்தில் அது இல்லை.

போன ஆவணியில் ஒரு காலை நந்திதா டயாலிசிஸுக்கு வந்தார். அன்று மாலை அவிநாசி மண்டபத்தில் அவருடைய தம்பி மிதுனுக்கு இணைச்சீர். மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் நின்று செய்யும் சீர். அவள் இல்லாமல் கல்யாணம் நகராது.

"சீக்கிரம் முடிச்சு அனுப்பிப்போடுங்க யுவஸ்ரீ. நான் போகாட்டி அவன் ஒத்தையா நிக்கோணும்" என்றார்.

அப்போது அக்கா டம்ளரோடு ஓடிவந்தார். "அம்மணி, கரித் தொட்டித் தண்ணி, குடிச்சுப் பாரு! தேனாட்ட இருக்குது!"

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது. எங்கள் போர்வெல் தண்ணீர் எப்படி இனிக்கும்?

இருவரும் உள்ளே ஓடினோம். அதே தண்ணீரில் சோதனைப் பொடியைப் போட்டார். நிறம் மாறாமல் இருக்க வேண்டியது இளஞ்சிவப்பானது. கரித் தொட்டியையும் மீறி வந்த குளோரின். அந்த அளவு நாக்குக்குத் தெரியாது, குடித்தாலும் கேடில்லை. ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களை உடைக்கும்.

வாட்ச்மேன் பிரான்சிஸ் பெருமையோடு சொன்னார்: "மாப்பிள்ளை சிறுவாணித் தண்ணி லாரி அனுப்புனாருங்க. நாந்தான் சம்பைத் திறந்து உட்டேன். லாரிக்காரரு ஒரு கை ப்ளீச்சிங் பவுடரும் போட்டாருங்க, சுத்தமா இருக்கட்டும்னு."

அக்கா போன் செய்ததும் மிதுன் பட்டு வேட்டியோடு பைக்கில் வந்து நின்றான். "கல்யாணச் சமையலுக்கு வந்த லாரிங்க. அக்கா உடம்புக்குள்ள உப்புத் தண்ணி போகலாமுங்களா?"

சிறுவாணித் தண்ணீரின் இனிப்பில் பெருமை கொண்ட கோயமுத்தூர்க்காரனைத் தவிர வேறு யார் இப்படிச் செய்வார்கள்?

"சம்பைக் காலி பண்ணோணும். சாக்கடைல உடுங்க" என்றார் அக்கா.

"சிறுவாணியவா?" பிரான்சிஸ் நெஞ்சில் கை வைத்தார்.

அந்த ஒரு வார்த்தை தெருவுக்குப் போதும். குடம், பக்கெட், பெயிண்ட் டப்பா எல்லாம் வரிசைக்கு வந்துவிட்டன. ஒருவர் குக்கரோடு நின்றார். யாரும் ஒரு சொட்டுக்கூடக் கீழே விட விடவில்லை. நேரம் ஓடியது. நந்திதா வாசலுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, கொண்டாந்தவர்தான் தூக்கோணும்!" அக்கா இரண்டு குடங்களை அவன் கையில் திணித்தார். அவன் வேட்டியை மடித்துக் கட்டி ஓடினான். "புதுமாப்பிள்ளை ஊத்துற தண்ணிடோய்!" என்று பட்டறைக்காரர்கள் கத்தினார்கள், கத்திக்கொண்டே தங்கள் மோட்டாரையும் பேரல்களையும் உருட்டிவந்து இறக்கினார்கள். நந்திதா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும்தான். இத்தனை பயத்தில் எங்கிருந்து வந்தது அந்தச் சிரிப்பு?

சம்பு காய்ந்தது. போர்வெல் தண்ணீர் நிரம்பியது. கரித் தொட்டியைக் கழுவிவிட்டு அக்கா மறுபடி பொடியைப் போட்டார். நிறம் மாறவில்லை. நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் ஊசியை எடுத்தேன்.

நேரத்தைக் குறைக்கவில்லை, குறைக்கவும் கூடாது. முழு டயாலிசிஸும் முடித்துத்தான் நந்திதா காரில் ஏறினார்.

இருட்டும் நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. மண்டபத்தில் தம்பி பக்கத்தில் நந்திதா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். குடம் தூக்கிய மிதுனுக்குத்தான் கும்பிடக் கையை மேலே தூக்க முடியவில்லை. நந்திதாதான் அதைப் பிடித்துத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.