சீரம் அக்காவின் ரத்தம்

ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குச் சீரம் அக்கா என்றுதான் பேர். நோயாளியின் ரத்தத்தில் ஈஸ்ட் பூஞ்சை கிளம்பிவிட்டால், அது எந்த வகை என்று சீக்கிரம் தெரிந்தாக வேண்டும். ரத்தத்தின் தெளிந்த நீர்தான் சீரம். அதில் ஈஸ்ட்டைப் போட்டுச் சூட்டில் வைப்பார்கள். முளை விட்டால் சாதாரண வகை, லேசான மருந்தே போதும். விடாவிட்டால் முரட்டு வகை. அதற்கான மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். சீரத்துக்கு ரத்தம் அக்காவின் கையிலிருந்துதான். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

இடுப்பில் படர்தாமரை வந்ததைப் புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. மருந்துக்கடையில் பூஞ்சை மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே ரத்தமும் கொடுத்தாள். பூஞ்சையை அடக்கும் மாத்திரை சீரத்திலும் இறங்குமே என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை, பாருங்கள்!

பிள்ளை பெற்ற ஒருத்திக்குக் காய்ச்சல் விடவில்லை, ரத்தத்தில் ஈஸ்ட். அக்காவின் சீரத்தில் போட்டார்கள். முளைக்கவில்லை.

"முளைக்கும்னு நமக்குத் தெரிஞ்ச ஈஸ்ட் ஒண்ணையும் கூடவே போட்டுப் பாத்துடலாமா? சீரம் சரியா இருக்கான்னு தெரிஞ்சிடும்," என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"என் ரத்தத்தையே சந்தேகப்படுறியா? போய் வேலையைப் பாருடி!"

முரட்டு மருந்து ஏறியது. ஈஸ்ட்டின் வகையை உறுதி செய்யும் புது மெஷினின் முடிவு வருவதற்குள் அந்தப் பெண்ணுக்குச் சிறுநீர் குறைந்துபோனது. சாதாரண வகைதான் என்றது மெஷின்.

"பழைய டெஸ்ட் அப்பப்ப காலை வாரும். விடுங்க," என்றார் டாக்டர்.

விட்டிருக்கலாம். கைப்பையில் மாத்திரை அட்டை கண்ணில் பட்டதும் அக்காவுக்கு விஷயம் உறைத்தது. அடிப்பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா! திரும்பப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மருந்தை மாத்தியாச்சு. சிறுநீரகம் தேறுமான்னு இப்பச் சொல்ல முடியாது," என்றார்.

வார்டு வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா, தோளில் பேத்தியோடு நின்றாள்.

"சொந்த ரத்தத்தைக் குடுத்து டெஸ்ட் பண்ணினது நீங்கதானே? நர்ஸம்மா சொன்னாங்க. கூடப்பிறந்தவகூட செய்யமாட்டா, தாயி," என்று, ஊசித் தழும்பேறிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை விடுங்கம்மா. உங்க பொண்ணு இப்படிக் கிடக்கிறதுக்கே இந்த ரத்தம்தான் காரணம்."

அம்மாவுக்குப் புரியவில்லை. ஆறுதல் சொல்கிறவள்போல இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அக்கா கையை உருவிக்கொண்டு, மாத்திரை வாங்கிய நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.